பூனைத் தெள்ளும் கமக்காரர் வீடும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், நெல்லை வீட்டிலே வைத்திருக்கும் கமக்காரர் பலர் பூனை வளர்க்கின்றனர். அழகுக்காக அது வளர்க்கப்படுவதில்லை. நெல் மூடைக்கும் விதைப் பைக்கும் அது காவல். பூனை ஒன்றே எலியை முற்றாக ஒழித்துவிடும் எனக் கூறுதற்கில்லை. பெருத்த எலியைக் கண்டால் ஒதுங்கிப்போகும் பூனைகளும் உள. ஆயினும் சுண்டெலிகளையும் எலிக்குஞ்சுகளையும் அது அடக்கிவைக்கும்.

இப்பூனையுடன் தெள்ளும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றது. மாரி மழை தொடங்கி, வெளியே படுக்க இடமின்றிப் பூனை அடுக்களையிலும் மூடைகளின் மீதும் உறங்கத் தொடங்கிய சில வாரங்களில், பாயிற் படுப்போரின் கணுக்கால்களிலும் முழங்காலுக்குக் கீழும் சிவந்த தடிப்புகள் தோன்றும். குழந்தைகள் இரவு முழுவதும் சொறிந்துகொண்டு உறக்கமின்றி அழும். அப்பொழுது வீட்டார் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றனர். பூனையைச் சாக்கிலிட்டுத் தொலைவிலே கொண்டுபோய் விடுவது ஒன்று. வயலுக்கோ கத்தரித் தோட்டத்துக்கோ வாங்கிய மருந்தில் எஞ்சியதை நீரிற் கலந்து பூனையின் மீதும் தரையிலும் தெளிப்பது மற்றொன்று. முதலாவதால் தெள்ளு ஒழியாது. இரண்டாவதாற் பூனை மட்டுமன்றிப் பிள்ளையும் உயிரிழக்க நேரலாம். இவ்விரண்டையும் விடுத்துத் தெள்ளை ஒழிக்கும் வழி இங்கு விளக்கப்படுகின்றது.

தெள்ளு எங்கே இருக்கின்றது?

பூனையின் மயிருக்குள் ஓடித்திரியும் தெள்ளு செங்கபில நிறமானது. நீளம் 2 அல்லது 3 மில்லிமீற்றர். உடல் இருபக்கமும் அழுத்தியது போல் தட்டையாயிருப்பதால் மயிரிடையே இலகுவாக நுழைந்துவிடும். அதற்குச் சிறகில்லை, ஆயினும் 20 சதமமீற்றர் உயரத்துக்குப் பாயவல்லது. பூனைத் தெள்ளு எனப் பெயர் பெற்றிருந்தபோதிலும் நாய், ஆடு, கன்று ஆகியவற்றிலும் அது வாழும்.

பூனையின் மீது ஏறிய தெள்ளு சில நிமிடங்களிலேயே இரத்தம் குடிக்கத் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் முட்டையிடும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 20 முதல் 50 முட்டைகள் வரை இடக்கூடும். இம்முட்டைகள் பேனின் ஈர் போல் மயிரில் ஒட்டிக்கொள்வதில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அவை வழுவழுப்பானவை. பூனை உடலை உதறும்போதும் சொறியும்போதும் அவை கீழே உதிர்ந்துவிடுகின்றன. பூனை படுத்தெழுந்த இடத்தில் உப்பும் மிளகுத்தூளும் சிந்தியது போற் காணப்படுமாயின், வெள்ளை முட்டையென்றும் கறுப்புத் தெள்ளின் எச்சமென்றும் அறியலாம்.

முட்டை சில நாட்களிற் பொரித்து, வெண்மையான சிறு புழு வெளிவரும். அப்புழு கடிப்பதில்லை. வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை வெடிப்பிலும் மூடைகளின் அடியிலும் பாயின் கீழும் மணலிலும் ஒளித்துக்கொள்ளும். முதிர்ந்த தெள்ளின் எச்சமாகிய உலர்ந்த இரத்தமே அதன் முக்கிய உணவு. பின்னர் அது நூலிழைத்துக் கூடு கட்டும். கூடு பசைத்தன்மை உடையதாகையால் மணலும் தூசியும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். மண்ணிலிருந்து அதனைப் பிரித்தறிதல் அரிது. வெப்பமும் ஈரமும் ஒத்திருந்தால் முட்டை தெள்ளாக மாற மூன்று அல்லது நான்கு வாரங்கள் போதும்.

தெள்ளுப் பிடித்த ஒரு வீட்டில் முட்டை, புழு, கூட்டுப்புழு, தெள்ளு எல்லாவற்றையும் சேர்த்து நூறெனக் கொண்டால், பூனையின் மீது உள்ளவை ஏறக்குறைய ஐந்தேயாகும். எஞ்சிய தொண்ணூற்றைந்தும் வீட்டிலேயே கிடக்கின்றன. பூனையை மாத்திரம் கழுவிவிட்டுத் தெள்ளு ஒழிந்ததெனக் கருதுவது, வயலில் தலைகாட்டிய கோரையை அறுத்துவிட்டு மண்ணிலுள்ள கிழங்கை விட்டுவைப்பதை ஒக்கும். பூனையைத் துரத்திவிட்டாலோ, இருந்த ஒரே தீனி போய்விட்டதனால், கூட்டிலிருந்து வெளிவரும் தெள்ளு மனிதரையே நாடும்.

வாடியில் நிகழ்வது

கூட்டுப்புழுவின் தன்மையை அறியாதவர் தெள்ளுடன் போரிட்டுச் சலித்துப்போவர். கூட்டுக்குள்ளே வளர்ச்சி முடிந்த தெள்ளு உடனே வெளிவருவதில்லை. வெளியே இரத்தமுள்ள உயிர் உண்டென்பதற்கு அடையாளம் கிடைக்கும்வரை அது காத்திருக்கும். தரையின் அதிர்வு, உடற்சூடு, மூச்சுக்காற்று ஆகியவையே அவ்வடையாளங்கள். அவை கிடையாவிடின் ஐந்து மாதம் வரையிலும் கூட்டுக்குள் உயிருடன் இருக்கக்கூடும்.

படுவான்கரை வயல்களிற் காவலுக்கும் வெட்டுக்குமாகத் தங்கும் வாடியை எடுத்துக்கொள்க. போகம் முடிந்ததும் ஆட்களும் அவர்களுடன் இருந்த நாயும் பூனையும் ஊருக்குத் திரும்புகின்றனர். வாடி இரண்டு மூன்று மாதங்கள் பூட்டிக் கிடக்கின்றது. அடுத்த போகத்துக்கு வந்து கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தெள்ளுகள் கூட்டமாகக் காலில் ஏறுகின்றன. ஆளும் விலங்கும் இல்லாத இடத்தில் இவை எவ்வாறு வந்தன என வியந்து, வைக்கோலிலே தெள்ளு பிறந்ததென்று கூறுவாரும் உளர். வைக்கோலிலே தெள்ளு பிறப்பதில்லை. சென்ற போகத்தில் நாயும் பூனையும் உதிர்த்த முட்டைகளே கூடாகிக் காத்திருந்து, காலடி அதிர்வு பட்டதும் வெளிவந்தன.

கூட்டினுள் மருந்து எளிதிற் செல்லாது. ஆகவே எத்துணைச் சிறந்த முறையைக் கையாண்டாலும், தொடங்கிய பின்னர் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், புதிய தெள்ளுகள் காணப்பட்டே தீரும். இது தோல்விக்கு அறிகுறியன்று. இக்காலத்திலேதான் வீட்டார் பொறுமை இழந்து வயல் மருந்தை எடுக்கின்றனர். மூன்றாம் வாரத்திலே தெள்ளைக் கண்டால், முன்னர் உதிர்ந்தவை வெளிவருகின்றன என அறிந்து, செய்துவந்த வேலையை விடாது செய்தல் வேண்டும்.

வீட்டிலே செய்ய வேண்டியவை

தெள்ளின் முட்டைக்கும் புழுவுக்கும் ஈரக்காற்று இன்றியமையாதது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்றத்து வெயில் மணலிற் புழு உலர்ந்து மடிகின்றது. ஆனால் தண்ணீர்ப் பானையின் அருகும், மூடைகளின் அடியும், தாழ்வாரத்து நிழலும் அக்காலத்திலும் குளிர்ந்தே இருக்கும். அங்கே புழு தப்பிப் பிழைத்து மாரி மழைக்குப் பின் பெருகுகின்றது. ஆதலின் வீட்டின் எல்லாப் பாகத்தையும் ஒரே அளவிற் கவனிக்க வேண்டியதில்லை. பூனை எங்கே உறங்குகின்றது என்பதை முதலில் இரண்டு நாட்கள் பார்த்து அறிதல் வேண்டும். தெள்ளு விளையும் நிலம் அதுவே.

பூனைக்கென ஒரு படுக்கையை ஏற்படுத்துதல் மிகவும் பயனளிக்கும். பழைய சேலையொன்றை நான்காக மடித்து, பூனை விரும்பும் உலர்ந்த இடத்தில் இட்டு வைத்தால், நாளடைவில் அது அங்கேயே படுக்கப் பழகும். உதிரும் முட்டைகளிற் பெரும்பகுதி அத்துணியிலேயே விழும். நான்கு நாட்களுக்கொரு முறை, முட்டை புழுவாகித் தரைக்கு இறங்கு முன்னர், துணியை மெதுவாகச் சுருட்டி எடுத்துக் கொதிநீரில் அமிழ்த்திச் சவர்க்காரமிட்டுத் துவைத்தல் வேண்டும். வீடெங்கும் சிதறும் தெள்ளை ஓரிடத்திலே சேர்த்து அழிக்கும் உபாயம் இது. செலவு ஏதுமில்லை.

நெல் மூடைகள் தரையோடும் சுவரோடும் ஒட்டிக் கிடத்தலாகாது. பலகை அல்லது மரக்கட்டைகளின் மீது, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குதல் வேண்டும். விளக்குமாறு அடியிற் செல்லவும் இடமிருக்கும். நெல்லில் ஈரம் ஏறாது. எலி ஒளித்திருக்கவும் முடியாது. வெறுஞ் சாக்குகளையும் உரப் பைகளையும் மூலையிற் குவித்து வைத்தால் பூனை அதன்மேற் படுப்பது நிச்சயம். அவற்றை உதறி, வெயிலிற் காயவிட்டு, மடித்துப் பரணில் வைத்தல் நன்று.

முதல் வாரத்தில் நாள்தோறும், பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள், தரையைக் கூட்டுதல் வேண்டும். கூட்டிய குப்பையை முற்றத்தில் வீசினால் முட்டைகள் வேறிடத்துக்கு மாற்றப்படுகின்றனவேயன்றி அழிவதில்லை. அதனை ஒரு பழைய பேணியிலிட்டுக் கொதிநீர் ஊற்றி, பின் புதைத்துவிடலாம். கூட்டும்போது தரையைச் சற்று அதிரத் தட்டிக் கூட்டுவது நல்லது. கூட்டிலிருக்கும் தெள்ளு அதனால் வெளிவரும். வெளிவந்ததையே எளிதில் அழிக்க முடியும்.

மண் தரையாயின் வெடிப்புகளே புழுவின் உறைவிடம். நன்றாகக் கூட்டிய பின்னர் களிமண்ணால் வெடிப்பை அடைத்துச் சாணமிட்டு மெழுகி முற்றாக உலரவிடுதல் வேண்டும். சாணமே தெள்ளைக் கொல்லும் என நம்பியிருத்தல் ஆகாது. வெடிப்பை மூடுவதே மெழுகலின் பயன். எழுவான்கரை மணற்பாங்கான இடங்களில், பூனையோ நாயோ படுக்கும் நிழல் மணலை இரண்டு அங்குல ஆழத்துக்கு வாரி வெட்டவெளியிற் பரப்பிவிட்டு, வெயிற்பட்ட புது மணலை இடலாம். தெள்ளை ஒழிக்கவென மணல் தரைக்குச் சிறிதளவு தண்ணீர் தெளித்தல் தவறு. புழுவுக்கு வேண்டிய ஈரத்தை அது கொடுக்கும்.

பன்பாய், தலையணை, படங்கு ஆகியவற்றை வெயிலில் இருபுறமும் திருப்பிப் போடுதல் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வெயிலை நம்பியிருக்க முடியாது. அக்காலத்திற் போர்வைகளையும் துணிகளையும் கொதிநீரில் அலசுதலே வழி.

தெள்ளு குறைகின்றதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரவிலே தரையில் அகன்ற தட்டொன்றில் சவர்க்கார நீர் ஊற்றி, அதன் மேலே சிறு விளக்கொன்றைப் பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வைத்துவிட்டால், வெளிச்சத்தையும் சூட்டையும் நாடிப் பாயும் தெள்ளுகள் நீரில் வீழ்ந்து மூழ்கும். காலையில் எண்ணிப் பார்க்கலாம். இத்தட்டு தெள்ளை ஒழிக்காது. அளவுகோலாக மட்டுமே அதைக் கொள்ளல் வேண்டும்.

பூனையைக் கவனித்தல்

பேன்சீப்பைக் கொண்டு கழுத்து, முதுகின் பின்பகுதி, வாலடி ஆகிய இடங்களை நாள்தோறும் வாரி, சீப்பில் அகப்பட்டதைச் சவர்க்கார நீரில் அமிழ்த்துதல் வேண்டும். நகத்தால் நசுக்குதல் நன்றன்று. வாரும்போது கறுப்புத் துகள்கள் வருமாயின், அவற்றை நனைந்த வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்க. செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். பரவாவிடின் வெறும் அழுக்கு.

குளிப்பாட்டக்கூடிய பூனையாயின் வெதுவெதுப்பான நீரில், மென்மையான சவர்க்காரத்தால் முதலிற் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் இட்டுக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் உடல் நனைந்தவுடன் தெள்ளெல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஏறிவிடும். குளிக்க மறுக்கும் பூனையை வற்புறுத்துவதிற் பயனில்லை, சீப்பே போதும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, விசர்நோய்த் தடுப்புக்காக வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

பூனைக்குட்டிகளைப் பற்றித் தனியே கூறுதல் அவசியம். பல தெள்ளுகள் சேர்ந்து இரத்தத்தை உறிஞ்சுவதாற் சிறு குட்டி சில நாட்களிலேயே இறந்துபோகலாம். குட்டியின் முரசு இளஞ்சிவப்பாக இல்லாது வெளிறியிருந்தால் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு, வைத்தியர் கூறினாலன்றி எந்த மருந்தும் இடலாகாது, வாரிவிடுதலே முறை.

வளர்ந்த பூனைக்குப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் இடும் சொட்டு மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. அவை மாதமொரு முறை இடப்படுபவை. பூனையின் நிறைக்கேற்ற அளவை அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டறியலாம். வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஒரே நாளிற் செய்தல் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதுவே மற்றவற்றுக்கு வித்தாகும். ஆட்டுக் கொட்டிலிலும் தெள்ளு இருக்குமாயின் அதனையும் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

வயல் மருந்தைத் தொடாதிருத்தல்

பூனை தன் உடலை நாக்கினால் நக்கித் துப்புரவாக்கும் பிராணி. அதன் தோலிற் படுவதெல்லாம் வயிற்றுக்குட் செல்லும். மேலும் சில நஞ்சுகளை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நாய்க்கெனச் செய்யப்பட்ட சில சொட்டு மருந்துகளிற் பெர்மெத்ரின் என்னும் மருந்து உண்டு. நாய் அதனைத் தாங்கும். பூனைக்கு அதுவே நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கிக் கொல்லும். நாய்க்குரியதிற் பாதியைப் பூனைக்கு இடுதல் என்பது பெரும் பிழை.

இன்னொரு மயக்கமும் உண்டு. பிப்ரோனில் என்னும் பெயர் பூனைச் சொட்டு மருந்திலும் காணப்படும். நெல்லுக்குரிய பூச்சி மருந்திலும் காணப்படும். இமிடாகுளோபிரிட் என்பதும் அத்தகையதே. மரக்கறித் தோட்டத்துக்கும் அப்பெயரில் மருந்து உண்டு. பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒன்றாகா. வயல் மருந்தின் செறிவும், அதனுடன் சேர்க்கப்பட்ட கரைப்பான்களும் வேறு. விலை குறைவென்று வயல் மருந்தை நீர்த்துப் பூனையின் பிடரியில் இடுவது அதன் உயிரோடு விளையாடுவதாகும்.

தரையில் தெளிப்பதும் அவ்வாறே. வயலில் மழையும் வெயிலும் காற்றும் மருந்தைச் சிதைக்கின்றன. வீட்டுக்குள் அவை இல்லை. தவழும் குழந்தை அத்தரையிற் கை வைத்து அக்கையை வாயில் வைக்கின்றது. பாயில் ஏறிய மருந்து இரவு முழுவதும் தோலிற் படுகின்றது. உண்பதற்கு வைத்த நெல்லும் அதே அறையில் இருக்கின்றது. களைகொல்லி தெளித்த கருவியை எடுத்துவந்து வீட்டில் வேறெதையேனும் தெளித்தாலும், கருவியில் எஞ்சியிருந்த நஞ்சு உடன் வரும். மலேரியாவை ஒழிப்பதற்காக வீடுகளின் உட்சுவரில் டி.டி.ரி. தெளிக்கப்பட்ட காலத்தை முதியோர் நினைவுகூர்ந்து, அன்று தெளித்தோமே என்பர். அது பயிற்சி பெற்றோர் செய்த வேலை. அம்மருந்தும் இன்று இந்நாட்டில் வழக்கில் இல்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மருந்தும் குறித்த பயனுக்கெனப் பதிவு செய்யப்படுகின்றது. எண்டோசல்பான் 1998இல் தடை செய்யப்பட்டது. பரகுவாற்று முதலியவை அதன் பின்னர் விலக்கப்பட்டன. பழைய போத்தல் எங்கேனும் பரணில் இருப்பின், தெள்ளுக்கு உதவும் என எண்ணி அதனைத் திறத்தலாகாது.

மண்ணெண்ணெய் பூசுதல், பூச்சி உருண்டையைப் படுக்கையில் வைத்தல், உள்ளியை அரைத்துப் பூசுதல் அல்லது ஊட்டுதல் ஆகியனவும் பூனைக்குத் தீங்கானவை. வேப்பெண்ணெயையும் அதன்மீது பூசாதிருத்தலே நன்று.

தவறுதலாக மருந்து பட்ட பூனை நடுங்கினாலும் எச்சில் வடித்தாலும், வெதுவெதுப்பான நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவித் துடைத்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் செல்க. மனிதர் மீது பட்டால் உடையைக் களைந்து உடலைக் கழுவுதல் வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாது, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, போத்தலுடன் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

தெள்ளினால் வரும் நோய்கள்

1898இல் போல் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கராச்சி நகரில், கொள்ளைநோயை எலியிலிருந்து எலிக்குக் கொண்டுசெல்வது தெள்ளே என்பதைக் காட்டினார். தமது சோதனைக்குத் தெள்ளு போதாதென, தாம் தங்கிய விடுதியைச் சுற்றித் திரிந்த பூனையொன்றிலிருந்தும் அவர் தெள்ளு எடுத்துக்கொண்டார் என்பது சுவையான செய்தி. உண்மையிற் கொள்ளைநோயைப் பரப்புவதில் முதன்மையானது எலித்தெள்ளே. பூனைத் தெள்ளு அதில் வலியதன்று. 1914இல் அந்நோய் கொழும்புக்கு வந்தபொழுது, எல்லா எலித்தெள்ளும் ஒரே வகையின அல்ல என்பதை அந்நகரில் ஆராய்ந்து கூறியவர் பேபியன் ஹர்ஸ்ற் என்னும் அறிஞர்.

இன்று கமக்காரர் அஞ்ச வேண்டியது வேறு. எலித்தெள்ளின் எச்சம் சொறிந்த புண்ணில் தேய்க்கப்படுவதால் ஒருவகைத் தைபசுக் காய்ச்சல் உண்டாகும். நாடாப்புழுவின் ஒரு வகை தெள்ளுக்குள் வளர்கின்றது; தெள்ளைத் தவறுதலாக விழுங்கும் குழந்தைக்கு அப்புழு ஏற்படலாம். மலத்தில் அரிசி போன்ற துண்டுகள் காணப்படின் வைத்தியரை அணுகுக.

எலிக்காய்ச்சல் தெள்ளாற் பரவுவதன்று. எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவுவது. 2008இல் இலங்கையில் அந்நோயென ஐயுறப்பட்டு அறிவிக்கப்பட்டோர் 7,000க்கு மேற்பட்டவர். நெல் இருக்கும் வீட்டிலிருந்து பூனையைத் துரத்துமுன் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எலியைப் பொறியில் அகப்படுத்தினாலும் நஞ்சினாற் கொன்றாலும், இறந்த எலியைக் கையால் தொடலாகாது. உடல் குளிர்ந்ததும் அதிலுள்ள தெள்ளு அடுத்த சூடான உடலை நாடும். குறட்டினாலோ கோலினாலோ எடுத்து உடனே ஆழப் புதைத்துவிடல் வேண்டும். நஞ்சு வைத்த எலியைத் தின்ற பூனையும் இறக்கும் ஆதலால், பூனையுள்ள வீட்டில் நஞ்சைவிடப் பொறியே ஏற்றது.

தொடங்கும் காலம்

மாரி மழைக்கு முன்னர், புரட்டாதி மாதத்திலேயே தொடங்குதல் சிறந்தது. அப்பொழுது தெள்ளு குறைவு, வெயிலும் உண்டு. மழை தொடங்கிய பின் அறிந்தோர் அப்பொழுதே தொடங்கலாம். சற்று நீண்டகாலம் பிடிக்கும். துணி துவைத்தல், கூட்டுதல், வாருதல் மூன்றையும் மூன்று மாதம் விடாது செய்தல் வேண்டும். விளக்கின் கீழுள்ள தட்டில் நான்கு வாரம் தொடர்ந்து தெள்ளு விழாதிருந்தால் நாள்தோறும் வாருவதை வாரம் ஒருமுறையாகக் குறைக்கலாம்.

பூட்டிக்கிடந்த வாடிக்குள் பாயையும் பிள்ளைகளையும் உடனே கொண்டுசெல்லலாகாது. முதலில் ஒருவர் நீளக் காற்சட்டையும் சவர்க்கார நீரில் நனைத்த காலுறையும் அணிந்து உள்ளே சென்று, தரையைத் தடியால் நன்றாகத் தட்டி நடத்தல் வேண்டும். கூட்டிலிருந்தவை வெளிவந்து காலுறையில் ஏறும். காலுறையைக் கொதிநீரிலிட்டு, தரையைக் கூட்டி, குப்பையை அழித்து, மறுநாளும் அவ்வாறே செய்தல் வேண்டும். மூன்றாம் நாள் காலுறையில் ஒன்றிரண்டுக்கு மேற் காணப்படாவிடின் பாயை விரிக்கலாம்.